பாறையைப் படம் பிடித்தல்



எங்கள் ஊர் எல்லையில் ஒரு பாறை இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தானியம் குத்தியதால் அதன் மேற்பரப்பில் மூன்று குழிகள் உண்டாகியிருந்தன. கல்லூரியிற் படித்த நாளில், இரவல் வாங்கிய காமிராவுடன் ஒரு நண்பகலில் அங்கே சென்றேன். முன்னே குழிகளும் பின்னே குன்றும் அமையுமாறு அருகில் நின்று படம் எடுத்தேன். கழுவி வந்த படத்தில் குன்று தெளிவாக இருந்தது. குழிகளோ வெறுங் கறைகளாகத் தோன்றின. நான் செய்த பிழைகள் இரண்டு. ஒன்று குவியத்தைப் பற்றியது; மற்றொன்று ஒளியைப் பற்றியது.

காமிராவின் லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில் உள்ளதைத்தான் முற்றும் கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் ஓர் எல்லை வரையில் உள்ளவை நம் கண்ணுக்குக் கூர்மையாகவே தோன்றும். பொருளை நெருங்க நெருங்க அந்த எல்லை சுருங்கும். அதை விரிக்க வேண்டுமானால், ஒளி புகும் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளையின் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். எஃப் 4 என்பதிலிருந்து எஃப் 16 என்பதற்குச் சென்றால், உட்புகும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 1/60 விநாடி போதுமாயிருந்த இடத்தில் ஏறக்குறைய 1/4 விநாடி வேண்டும். அத்தனை நேரம் கை அசையாமல் இராது, முக்காலி வேண்டும். பாறை அசையாது என்பது நமக்கு வாய்த்த நன்மை. ஆயினும் துளையை மிகவும் சிறிதாக்கினால், ஒளி அதன் விளிம்பிற் சிதறிப் படம் முழுவதும் சற்றே மங்கும். எதற்கும் அளவு உண்டு.

குவியத்தை எங்கே வைப்பது? பாறையின் முன் விளிம்பு 1 மீட்டரிலும் பின் விளிம்பு 3 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். நடுவே 2 மீட்டரில் வைக்கத் தோன்றும். அது தவறு, 1.5 மீட்டரில் வைத்தால்தான் இரு விளிம்புகளும் ஒத்த கூர்மை பெறும். நானோ தொலைவிலிருந்த குன்றின்மேல் வைத்தேன். இக்காலத்தில், குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றாக இணைக்கவும் இயலும்.

இனி ஒளி. மூக்குத்தியின் திருகு கீழே விழுந்துவிட்டால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். சிறு மேடும் நிழல் வீசித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பாறைக்கும் இதுவே விதி. நேரே விழும் ஒளி மேடுபள்ளங்களை மறைக்கும். சாய்ந்து வருடிச் செல்லும் ஒளி ஒவ்வொரு மணியையும் எடுத்துக் காட்டும். ஆதலால், கிடையான பரப்புக்குக் காலையும் மாலையுமே உகந்தவை. நிழல் மிகக் கறுத்தால், எதிர்ப்புறம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். வேண்டிய ஒளி திரும்பி வரும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாக் கடற்கரையில், பாயிண்ட் லோபோஸ் என்னும் இடம் உண்டு. எட்வர்டு வெஸ்டன் என்ற கலைஞர் 1929 முதல் அங்குள்ள பாறைகளைப் படம் எடுத்தார். 1932இல் அவரும் ஆன்செல் ஆடம்ஸ் முதலியோரும் கூடி அமைத்த குழுவுக்கு, மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எஃப் 64 என்பதையே பெயராக இட்டனர். நடுக்குவாத நோய் தம்மை வருத்திய நிலையில், 1948இல் வெஸ்டன் எடுத்த இறுதிப் படங்களும் அவ்விடத்துப் பாறைகளே. ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்லும் பொறுமையை நான் அவரிடம் கற்றேன்.

கற்றபின், முக்காலியுடன் ஒரு விடியற்காலையில் ஊர் எல்லைக்குச் சென்றேன். பாறை அங்கே இல்லை. உடைத்து, சாலைக்குச் சல்லியாக எடுத்துச் சென்றிருந்தார்கள். அந்த மூன்று குழிகளுக்கும் இன்று எஞ்சியுள்ள சாட்சி, மங்கிய அந்தப் படம் ஒன்றே.

பாறை அசையாது என்று சற்றுமுன் சொன்னேன். அது கால் விநாடிக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. உங்கள் ஊர்ப் பாறை இன்னும் இருக்கிறதா? நாளைக் காலையிலேயே சென்று பாருங்கள்.