மெய்யியலும் சமயமும் ஒருங்கே கற்றல்

சமயம் நம்புவதற்கு உரியது. மெய்யியல் ஆராய்வதற்கு உரியது. ஓருறையில் இரு வாள் இடலாமோ என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உளர். பல்கலைக்கழகம் புகும் மாணவன் ஒருவன் மெய்யியலையும் சமயத்தையும் பாடங்களாகச் சேர்த்தெடுக்க விரும்பினால், இரு திசையிலிருந்தும் அவனுக்குத் தடை எழுகின்றது. மெய்யியல் கற்றால் மகன் கோயிலை மறந்துவிடுவான் என்று வீட்டார் அஞ்சுகின்றனர். சமயம் கற்றால் சிந்தனை கட்டுண்டு போகும் என்று நண்பர் நகைக்கின்றனர். இவ்விரு அச்சங்களும் புதியனவல்ல. இவற்றுக்கு எழுநூறு எண்ணூறு ஆண்டுக் கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர், எது அஞ்சத்தக்கது, எது அஞ்சத்தகாதது என்பதைப் பிரித்தறிவர்.

ஐரோப்பாவின் பழம் பெரும் கல்விக் கழகங்களுள் ஒன்று பாரிஸ் பல்கலைக்கழகம். 1215 ஆம் ஆண்டில் அதற்கு வகுக்கப்பட்ட விதிகள் இன்று படிப்போருக்கு வியப்பளிக்கும். கலைப்பீடத்தில் ஆசிரியராவதற்கு இருபத்தொரு வயது நிரம்பியிருந்தாற் போதும். இறையியல் கற்பிப்பதற்கோ முப்பத்தைந்து வயது வேண்டும். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலின் அளவை நூல்களைக் கற்பிக்கலாம். அவருடைய இயற்கை நூல்களையும் மெய்யியல் மூல நூலையும் கற்பிக்கலாகாது. நாற்பதாண்டு கழிந்தது. 1255 இல் அதே கலைப்பீடம் அரிஸ்டோட்டிலின் நூல்கள் அனைத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக் கொண்டது. தடை நீங்கிற்று, ஆயினும் பிணக்கு நீங்கவில்லை.

உலகம் என்றும் உள்ளது என்று அரிஸ்டோட்டில் காட்டிய நியாயத்தைக் கலைப்பீடத்தார் கற்பித்தனர். உலகம் இறைவனால் படைக்கப்பட்டுத் தொடக்கம் பெற்றது என்று திருச்சபை கற்பித்தது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஆராய வேண்டிய இடம் எது? 1272 இல் கலைப்பீடம் ஒரு விதி செய்தது. முற்றிலும் இறையியலுக்குரிய வினாக்களைக் கலைப்பீட ஆசிரியர் எடுத்து முடிவு கூறலாகாது என்பது அது. இவ்வாறு மெய்யியல் ஓரறையிலும் சமயம் மற்றோரறையிலும் நின்றன. இடையே சுவர் எழுந்தது. 1277 மார்ச் 7 ஆம் நாள் பாரிஸ் மேற்றிராணியார் எத்தியன் தாம்பியே 219 கூற்றுக்களைக் கண்டித்து ஆணையிட்டார். அவ்வாணையின் முன்னுரையில் அவர் சாட்டிய குற்றம் கவனிக்கத்தக்கது. மெய்யியலின்படி ஒன்று உண்மை, விசுவாசத்தின்படி அதற்கு மாறானது உண்மை என்று, இரண்டு உண்மைகள் இருப்பதுபோலச் சிலர் பேசுகின்றனர் என்பதே அக்குற்றச்சாட்டு.

எவரேனும் உண்மையில் அவ்வாறு கற்பித்தனரா என்பது குறித்து வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுவர். ஆயினும் மேற்றிராணியார் சுட்டிய நோய் கற்பனையன்று. தேர்வுத்தாளில் ஒரு விடை, வழிபாட்டிடத்தில் மற்றொரு விடை. இரண்டையும் ஒருபோதும் சந்திக்க விடாது வாழ்வது எந்தக் காலத்து மாணவனுக்கும் எளிது. மெய்யியலையும் சமயத்தையும் சேர்த்துக் கற்பதனால் இந்நோய் வருவதில்லை. பிரித்துக் கற்று, பிரித்தபடியே விட்டுவிடுவதனால் வருகின்றது.

அதே பாரிஸில் வேறு வழி சென்றவர் தோமஸ் அக்குவினாஸ். அவர் இறையியற் பேராசிரியர். ஆயினும் அரிஸ்டோட்டிலின் நூல்களுக்கு வரிவரியாக உரை எழுதினார். அவருடைய பெருநூலில் ஒவ்வொரு வினாவும் எதிர்வாதங்களோடு தொடங்குகின்றது. இறைவன் உண்டோ என்ற வினாவில், இல்லை என்பாரின் வாதங்களே முதலில் நிற்கின்றன. அதன் பின்னரே அவர் தம் விடையைக் கூறி, எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி தருகின்றார். அவர் 1274 இல் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் வெளிவந்த கண்டனத்தில் அவருடைய கருத்துக்கள் சிலவும் அகப்பட்டன என்பர். ஆனால் 1323 இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1325 இல் பாரிஸ் மேற்றிராணியாராக இருந்தவர், அக்குவினாஸின் போதனையைத் தொடும் அளவில் அக்கண்டனம் செல்லாது என்று நீக்கினார்.

இஸ்லாமிய உலகிலும் இதே வழக்கு நடைபெற்றது. பக்தாத் நகரத்து நிழாமிய்யாக் கல்லூரியில் 1091 முதல் ஆசிரியராயிருந்த இமாம் கஸ்ஸாலி, தத்துவ அறிஞரை இருபது வினாக்களில் மறுத்து நூல் செய்தவர். அவர் செய்த மற்றொரு நூல், அத்தத்துவ அறிஞரின் கொள்கைகளை அவர்கள் கூறியவாறே எடுத்துரைப்பது. அது இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டபோது, படித்த ஐரோப்பியர் பலர் கஸ்ஸாலியையே அத்தத்துவக் கட்சியைச் சேர்ந்தவர் என்று கருதினர். மறுக்கப் போகும் கொள்கையை அவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தவர் அவர். அவருக்கு மறுப்பெழுதிய இப்னு ருஷ்த், கொர்தோவா நகரத்துக் காழி. சட்ட நூல் வல்லார். ஓர் உண்மை மற்றோர் உண்மையோடு முரணாது, முரணுவதாகத் தோன்றினால் வேதவாக்கியத்தின் பொருளை ஆழ்ந்து காண வேண்டும் என்பது அவர் கொள்கை. இருவரும் ஒரே மார்க்கத்தினர். இருவரும் இரு துறையையும் முற்றக் கற்றவர். அதனாலேயே அவர்களுடைய வாதம் இன்றும் கற்கப்படுகின்றது.

இது மேல்நாட்டார் வழக்கு, தமிழருக்கு அந்நியமானது என்று கருதுவதற்கில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் கதைத் தலைவி வஞ்சி நகரம் புகுந்து, தவத்தோர் வடிவங் கொண்டு, அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கின்றாள். அறவண அடிகள் அவளுக்கு அறவுரை கூறுமுன் அளவை நெறியையும், வாதத்தில் நேரும் போலிகளையும் கற்பிக்கின்றார். அளவை அறியாதவளுக்கு அறம் கூறுதல் முறையன்று என்பது அவ்வைப்பின் கருத்தாகும்.

அக்குவினாஸ் பாரிஸில் எழுதிக்கொண்டிருந்த அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில், தமிழகத்தில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றினார். அதன் ஒரு பகுதி பரபக்கம். உலோகாயதம் தொடங்கிப் பதினான்கு மதங்களை எடுத்துரைத்து மறுப்பது. மறுபகுதி சுபக்கம், தம் கொள்கையை நிறுவுவது. சுபக்கத்தின் தொடக்கத்தில் நிற்பது அளவை. பதியைப் பற்றிப் பேசுமுன், அறிவது எவ்வாறு என்பதை ஆசிரியர் வரையறுக்கின்றார். பிறர் கூற்றைக் கூறி மறுக்கும் இம்முறையை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்பித்ததன்று.

இனி, இரு துறையையும் சேர்த்துக் கற்கும் மாணவன் செய்வது யாது என்பதை ஓர் உதாரணத்தால் காணலாம். துன்பம் பற்றிய வினா மெய்யியல் வகுப்பில் எழுகின்றது. எல்லாம் வல்லவனும் அருளாளனுமாகிய ஒருவன் உலகைப் படைத்தானாயின், குற்றமற்ற குழந்தை நோயுறுவது ஏன்? மெய்யியலை மாத்திரம் கற்றவன், இவ்வினா எல்லாச் சமயங்களையும் ஒரேவகையில் தாக்கும் என்று எண்ணிவிடுவான். சைவசித்தாந்தத்தையும் கற்றவன் ஒருகணம் நிற்பான். இறைவன் உயிர்களை இன்மையிலிருந்து படைத்தான் என்று சித்தாந்தம் கூறவில்லை. பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் அனாதி என்பது அதன் துணிபு. ஆணவமலம் உயிரை அனாதியாகவே பற்றியுள்ளது; இறைவன் அதனை உண்டாக்கியவனல்லன், நீக்குபவன். ஆகவே அவ்வினா அதே வடிவில் இங்கே பொருந்தாது.

சமயத்தை மாத்திரம் கற்றவன் இவ்விடத்தில் வெற்றி கொண்டாடுவான். மெய்யியலும் கற்றவனோ மேலும் ஒரு வினாவை எழுப்புவான். மலம் அனாதி, அருளும் அனாதி எனின், அருள் ஒரு காலத்தில் பதிவதும் அதற்கு முன் பதியாதிருப்பதும் ஏன்? மலபரிபாகம், இருவினையொப்பு, சத்திநிபாதம் என்று சித்தாந்த நூல்கள் கூறும் விடைகளை அவன் அப்போதுதான் பொருளுணர்ந்து படிப்பான். முன்னர் மனனம் செய்த சொற்கள், உண்மையான ஒரு வினாவுக்கு விடையாக வந்த சொற்கள் என்பதை அறிவான். அவ்விடை போதுமா என்பதை அவனே எடைபோட வேண்டும். அச்சுமையை ஆசிரியர் அவனுக்காகச் சுமக்க இயலாது.

இத்தகைய கல்விக்கு இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்து மெய்யியற் பேராசிரியர் கே. என். ஜயதிலக்க, 1945 முதல் 1947 வரை கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனிடம் கற்றவர். பாளி நூல்களிலும் துறைபோனவர். ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1963 இல் வெளிவந்தது. புத்தர் காலத்து வாதிகள் எவ்வெவ்வழிகளை அறிவுக்கு வாயிலாகக் கொண்டனர், புத்தர் எவற்றை ஏற்றார், எவற்றை மறுத்தார் என்பதை மூலநூல் கொண்டு அது ஆராய்கின்றது. பௌத்தத்தை அவர் மேல்நாட்டு அனுபவவாதத்தின் சாயலில் கண்டார் என்று குறை கூறியவர்களும் உளர். அக்குறையை எடுத்துக்காட்டுவதற்கும் பாளியும் மெய்யியலும் ஒருங்கே அறிந்தவரே தேவைப்பட்டனர்.

பல்கலைக்கழகம் மதப்பிரசாரக் களமாகிவிடும் என்பது மற்றோர் அச்சம். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967 இல் சமயக் கல்வித் துறையை நிறுவிய நினியன் ஸ்மார்ட் இதற்கு ஒரு வழி கண்டார். இளமையில் படைச் சேவையின்போது இலங்கைப் பௌத்தத்தோடு பழகியவர் அவர். ஒரு சமயத்தை விவரிக்கும்போது அதன் மெய்ம்மை பற்றிய தீர்ப்பை ஒத்திவைக்க வேண்டும் என்றார். இம்முறையில் சைவனும் கிறிஸ்தவனும் முஸ்லிமும் பௌத்தனும் ஒரே வகுப்பில் அமரலாம். ஆயினும் தீர்ப்பை ஒத்திவைத்தல் தீர்ப்பைக் கைவிடுதலன்று. விவரித்து முடிந்தபின், இது உண்மையா என்ற வினா காத்துக்கொண்டிருக்கும். அவ்வினாவைக் கேட்கப் பழக்குவது மெய்யியல்.

இந்நாட்டுப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம், பௌத்த நாகரிகம் ஆகியனவும், அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடமும் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகமும் மெய்யியலும் தனித்தனித் துறைகளாக இயங்குகின்றன. துறைகள் தனித்திருப்பது நிர்வாகத்துக்கு வேண்டியதே. கற்பவன் மனத்தில் அவை தனித்திருக்க வேண்டியதில்லை. சமயநூலை அதன் மூலமொழியில், உரையோடு படித்தல். எதிர்க்கட்சியின் வாதத்தை, அக்கட்சியார் கேட்டாலும் ஏற்கும்படி எடுத்துக் கூறல். தன் கட்சி எங்கே விடையின்றி நிற்கிறது என்பதை மறையாது ஒப்புதல். இம்மூன்றையும் மூன்றாண்டுகள் பயின்றவன் எத்தொழில் புகுந்தாலும் வழக்கின் இருபுறத்தையும் கேட்டுத் தீர்க்கும் ஆற்றலோடு புகுவான்.

மகனோ மகளோ கோயிலை மறந்துவிடுவர் என்று அஞ்சும் பெற்றோருக்குக் கூறத்தக்கது ஒன்றுண்டு. ஐயங்கள் பல்கலைக்கழகத்தில் பிறப்பதில்லை. நோயுற்ற ஒருவரின் படுக்கையருகிலும், யுத்தத்தில் உற்றாரை இழந்த வீட்டிலும் முன்னமே பிறந்துவிடுகின்றன. அவ்வையங்களை முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நூல்களோடும் ஆசிரியரோடும் இருந்து கற்பதற்கு அங்கே இடமும் காலமும் கிடைக்கின்றன. பிள்ளைகள் அவ்விரு பாடங்களையும் விரும்பிக் கேட்பாராயின், பெற்றோர் மனமுவந்து இசைவளிக்கலாம்.