அன்னபூரணி விலைபோன வரலாறு
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



புத்தலப்பட்டில் நின்றுகொண்டு கப்பல் விற்பனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். நமக்குக் கடல் சேய்மை. மாந்தோப்பும் கரும்பும் அண்மை. ஆயினும் விலை பேசுதல் நமக்குப் புதிதன்று. வெல்லத்திற்கு மண்டியில் அன்றன்று ஒரு விலை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் அதனை அறிவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலையோ வேறு. பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, எதிரே நிற்கும் ஆளையும் பார்த்துச் சொல்லுவது அது. அரிய பொருளுக்கெல்லாம் அந்த விலைதான்.

அத்தகைய பொருள் ஒன்று யாழ்ப்பாணத்தின் வடகரையிலே, வல்வெட்டித்துறையில் இருந்தது. 1930-ஆம் ஆண்டில் வேப்பமரத்தால் அங்குக் கட்டப்பெற்ற பாய்க்கப்பல் அது. பெயர் அன்னபூரணி அம்மாள். நீளம் 89 அடி. அகலம் 19 அடி. பாய்மரங்கள் இரண்டு, முன்மரத்தில் குறுக்குப் பாய்கள். மேனாட்டார் இவ்வகையைப் பிரிகன்டைன் என்பர். சரக்கேற்றப் பிறந்ததேயன்றி, உலாப் போகப் பிறந்ததன்று.

நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல் வாணிகத்தை நெருக்கிவிட்ட காலம் அது. சரக்கு வணிகர் ஒருவர் விலை கேட்டால், எத்தனை மூட்டை கொள்ளும், ஒரு நடைக்கு என்ன கூலி வரும் என்றுதான் பார்ப்பார். கூலி இறங்கினால் கப்பலின் விலையும் இறங்கும்.

வாங்க வந்தவரோ வணிகர் அல்லர். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற சிறு படகில் உலகைச் சுற்றியவர். வணிகருக்குப் பழமையாகத் தோன்றிய குறுக்குப் பாய்களே இத்தகையவருக்கு அருமை. விற்பவர் தம் பொருளின் குறையென எண்ணியது வாங்குபவர் கண்ணில் நிறையாவது வாணிகத்தின் விந்தை.

விருப்பம் மட்டும் விலையாகிவிடாது. மரக்கப்பலை மதிப்பிடுவோர் அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பர். ஆணியின் துருவையும் கடற்புழுவின் அரிப்பையும் தேடுவர். பலகை இடுக்கில் கலப்பத்து இறுகியிருக்கிறதா என்று நோக்குவர். பாயையும் கயிற்றையும் தனியே எண்ணுவர். புதிதாய்த் தார் பூசிய கப்பலை ஐயத்தோடு பார்ப்பதும் உண்டு. மாட்டுக் கொம்பில் வண்ணம் கண்டு ஏமாந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை!

இன்னும் ஒன்று. கப்பல் இருப்பது ஈழக்கரையில். போக வேண்டியது அமெரிக்கக் கரைக்கு. அக்கயிறுகளைக் கையால் அறிந்த மாலுமிகள் உடன் வராவிடில் வாங்கியும் என்ன பயன்? தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் உடன் சென்றனர். 1937-இல் புறப்பட்ட கப்பல், சூயசு வழியாக மத்தியதரைக் கடலைக் கடந்து, அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்சு மாநிலத்தின் குளோசெஸ்டர் துறையை அடைந்தது. மீன்பிடி பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன துறை அது. மரத்தின் மதிப்பைக் காட்டிலும் அம்மாலுமிகளின் கைத்திறமே பெரிதென்பது நம் கருத்து.

முன்னோர் கட்டிய கலத்தை விற்கலாமா என்று வருந்துவோர் உளர். விற்காமல் கரையேற்றி வைத்திருந்தால், வெயிலில் பலகை பிளந்து விறகு விலைக்கே போயிருக்கும். ஆதலால் விற்றதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. கப்பலோடு பெயரும் கைமாறிற்று. வாங்கியவர் தம் துணைவியாரின் பெயரை இட்டு, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்றாக்கினார். அது அவர் உரிமையே. வல்வெட்டித்துறையார் மட்டும் இன்றளவும் அதனை அன்னபூரணி என்றே சொல்லி வருகின்றனர்.