பாறையைப் படிக்கவும் நம் பிள்ளைகள் வேண்டும்

(உயர்தர மாணவர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விஞ்ஞானம் படித்தால் டொக்டர், எஞ்சினியர் தவிர வேறென்ன இருக்கு சேர்?" என்று பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள். புவிச்சரிதவியல் இருக்கிறது.

2011இல் மன்னார்க் கடலடியில் இயற்கை வாயு கண்டார்கள். எங்கே துளையிடுவது என்று சொல்பவர் பெற்றோலியப் புவிச்சரிதவியலாளர். பழங்காலக் கடலின் நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, பல மில்லியன் ஆண்டுகள் வெப்பத்தில் கிடந்து எண்ணெயும் வாயுவும் ஆகின்றன. அவை மேலேறி நுண்துளையுள்ள பாறையில் தங்கும். அதன் மேல் இறுக்கமான பாறை மூடியிருந்தால்தான் அகப்படும். பிறந்த பாறை, தங்கிய பாறை, மூடிய பாறை மூன்றையும் தேடுவதே அந்தப் படிப்பு.

ஆனால் முதற் பட்டத்தில் எண்ணெயை மட்டும் நம்ப வேண்டாம். 2014இல் எண்ணெய் விலை சரிந்ததும் உலகெங்கும் இத்துறையில் ஆட்குறைப்பு நடந்தது. பொதுப் புவிச்சரிதவியல் பட்டம் என்றால் நிலத்தடி நீர், கனிமம், மண்சரிவு என்று பல வழி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே அதைப் படிக்கலாம்.

மண்சரிவு நமக்குப் புத்தகப் பாடமல்ல. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களோடு நம் உறவுகள் புதைந்தார்கள். எந்தச் சரிவில் வீடு கட்டலாம் என்று ஆராயும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டும். பல தோட்டப் பாடசாலைகளில் அந்த வகுப்பே இல்லை. சம்பளத்துக்கும் காணிக்கும் போராடும் நாம், விஞ்ஞான வகுப்புக்கும் ஆசிரியருக்கும் சேர்ந்தே போராடுவோம்!