சிவப்புக்கு அடியில் வெள்ளை

தூரத்தில் ஒரு டிராக்டர் வரும்போதே, அது எந்தக் கம்பெனி வண்டி என்று ஊர்ப் பிள்ளைகள் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற கம்பெனிக்கும் அப்படி ஒரு நிறம் இருந்தது. அதன் ஃபார்மால் டிராக்டர்கள் முதலில் சாம்பல் நிறத்தில் வந்தன. 1936 நவம்பரில் சிவப்புக்கு மாறின. அதற்குப் பிறகு ஃபார்மால் என்றாலே சிவப்புதான்.

அப்படியிருக்க, அந்தக் காலத்து ஃபார்மால் ஒன்று வெள்ளை வெளேரென்று நின்றால் என்ன நினைப்போம்? வீட்டில் மிச்சமிருந்த பெயின்டை யாரோ எடுத்து அடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 1950ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையிலிருந்தே வெள்ளை ஃபார்மால்கள் வெளியே வந்தன. கப், சூப்பர் ஏ, சி என்ற மூன்று சிறிய மாடல்களில் மட்டும். விவசாயிகளுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக விற்பனையாளர்களுக்கு அனுப்பிய வண்டிகள் அவை. சிவப்பு வரிசைக்கு நடுவே வெள்ளையாக ஒன்று நின்றால் போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அதற்காகத்தான்.

ஓட்டிக் காட்டி முடிந்ததும் விற்பனையாளர்கள் அவற்றில் பலவற்றுக்குச் சிவப்பு அடித்து விற்றார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இன்று கண்காட்சியில் பளபளவென்று நிற்கும் வெள்ளை, பத்து வருடங்களுக்கு முன் அடித்ததாக இருக்கலாம். கொட்டகை ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் சிவப்பு, பிறவியில் வெள்ளையாக இருந்திருக்கலாம். மேலே தெரியும் நிறத்தை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில், தொழிற்சாலை பொருத்திய வரிசை எண் தகடு. வெள்ளை வண்டிகள் குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டுமே வந்ததால், எண்ணும் அந்தக் காலத்துக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. விழுந்தாலும் அது பாதிச் சான்றுதான். அதே மாதங்களில் சிவப்பு வண்டிகளும் வந்தன. தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் பொருத்தவும் முடியும். அதனால் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் பழையவையா, புதிதாக அடித்தவையா என்று பார்க்க வேண்டும். கூடவே வார்ப்பிரும்புப் பாகங்களையும் பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனி தன் வார்ப்புகளில் மாதம், தேதி, ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து என்று பொறித்து வைத்தது. 1949க்கு எஸ் (S), 1950க்கு டி (T). 1950இன் தொடக்கத்தில் கோர்த்த வண்டி என்றால் அதன் வார்ப்புகளில் எஸ் இருக்கலாம், ஆண்டுத் தொடக்கத்து டி இருக்கலாம். அதற்குப் பிந்தைய எழுத்து இருந்தால் அந்தப் பாகம் பின்னால் மாற்றியது.

அடுத்தது பெயின்ட். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெயிலும் மழையும் படாத, மறுபடி பெயின்ட் அடித்தவரின் கையும் எட்டாத ஓர் இடத்தைத் தேட வேண்டும். பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கம், டூல் பாக்ஸின் உள்பக்கம், பானட்டின் உள் மடிப்பு. விற்பவர் அவசரத்தில் சிவப்பு அடித்தபோது டேங்கையா கழற்றியிருப்பார்? அங்கே வெள்ளை பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

அதன்பின் வெளிப்புறத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சோதனை. நைஸான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் சிவப்புத் தண்ணீர் வழியும். துடைத்துவிட்டுப் பார்த்தால், வெட்டிய மரத்தில் வளையம் தெரிவதுபோல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். வெளி வளையம் கடைசியாக அடித்தது. நடுவில் இருப்பது முதலில் அடித்தது. வெள்ளை வளையம் இரும்பையோ பிரைமரையோ ஒட்டி இருந்து, அதற்கு வெளியே சிவப்பு வந்தால் மனம் துள்ளும். வெள்ளைக்கு அடியில் சிவப்பு இருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஒரே இடத்தை நம்பவும் கூடாது. பானட்டை மட்டும் வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். நாலைந்து இடங்கள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்து அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

"எங்கள் தாத்தா வாங்கும்போதே இந்த நிறம்தான்" என்று குடும்பத்தார் சொல்வார்கள். தாத்தா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கைக்கு வருவதற்கு முன்பே கடைக்காரர் நிறத்தை மாற்றியிருக்கலாம். குடும்ப நினைவைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அதோடு நிறுத்திவிடக் கூடாது.

வழக்கத்துக்கு மாறான நிறம் என்றாலே போலி என்று தள்ளுவதும் தவறு. இங்கிலாந்தில் டாகன்ஹாம் தொழிற்சாலையில் செய்த ஃபோர்ட்சன் 'என்' (N) மாடல் டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் நீலம், 1937இல் ஆரஞ்சு. போர் வந்தது. வயலில் நிற்கும் ஆரஞ்சு, எதிரி விமானத்துக்கு வானிலிருந்தே தெரியும் என்ற பயத்தில் 1940இல் பச்சையாக்கினார்கள். ஒரே மாடல், மூன்று நிறம், மூன்றும் தொழிற்சாலை நிறம். 1956இல் வந்த ஃபெர்குசன் 35க்குச் சாம்பல் தகடும் பொன்னிற எஞ்சினும் இருந்தன. அடுத்த ஆண்டின் கடைசியில் அதே வண்டி சிவப்பு மாசி ஃபெர்குசனாக மாறியது. நம் சாலைகளில் ஓடும் மாசி ஃபெர்குசனின் சிவப்பு அந்த வழியில் வந்ததுதான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், பழைய பூச்சு என்ற சான்று ஒரே மாலையில் அழிந்துவிடும் என்பதுதான். ஆசையாகப் பழைய வண்டியை வாங்குகிறார்கள். நேரே பட்டறைக்குக் கொண்டுபோய், மணல் பீய்ச்சி இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்கிறார்கள். பிறகு எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

உங்கள் வீட்டிலும் அப்பா காலத்து டிராக்டரோ, ஆயில் எஞ்சினோ, சைக்கிளோ இருக்கலாம். அதற்குப் புதுப் பெயின்ட் அடியுங்கள், தவறில்லை. ஆனால் அடிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சை அப்படியே விட்டுவிடுங்கள். பெயின்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.