ஆலை மூடியிருந்த குளிர்காலம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காற்றில் மிதக்கும் நுண்துகள் உடலைக் கெடுக்கும் என்பதை இந்த அவையில் எவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால், காற்று தெளிந்தால் உடல் தேறுமா? எவ்வளவு காலத்தில் தேறும்? இந்தக் கேள்விக்கு உறுதியான விடை கிடைத்தால்தான் அரசுக்கும் மக்களுக்கும் செயலில் இறங்கும் துணிவு வரும். அந்த விடையைத் தந்த இரண்டு ஊர்களைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

துகள் செல்லும் வழி

பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகளோ நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை போய்விடும். அங்கே அழற்சி மூளும். அதன் தாக்கம் குருதியிலும் பரவி, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். தமனிகளில் கொழுப்பு படிவதை விரைவுபடுத்தும். ஆகவே இதை மூச்சு நோய் என்று மட்டும் கருதிவிடக் கூடாது. வெளிக்காற்று மாசால் 2019இல் உலகெங்கும் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினரின் உயிரைப் பறித்தவை இதய நோயும் பக்கவாதமும்தான்.

யூட்டா பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் ஜெனீவா எஃகு ஆலை இருந்தது. குளிர்காலத்தில் அங்கே குளிர்ந்த காற்று தரையோடு தேங்கிவிடும். புகை மேலெழும்ப வழியிராது. தொழிற்பூசலால் 1986 ஆகஸ்டில் மூடப்பட்ட அந்த ஆலை, 1987 செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட குளிர்காலத்தை ஆராய்ந்தவர் ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா போன்ற நோய்களால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை இயங்கிய குளிர்காலங்களில் இரண்டு மூன்று மடங்காக இருந்ததை 1989இல் அவர் வெளியிட்டார். அந்த வட்டாரத்தில் சிகரெட் பிடிப்பவர்கள் மிகக் குறைவு. பழியைப் புகைப்பழக்கத்தின்மேல் போட வழியில்லை.

அந்த ஆண்டுகளில் காற்றை அளந்த வடிதாள்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. பின்னாளில் அந்தத் தூசியின் சாற்றைச் சம அளவில் எடுத்து, தன்னார்வலர்களின் நுரையீரலில் செலுத்தி ஆராய்ந்தார்கள். ஆலை இயங்கிய ஆண்டுகளின் சாறு அழற்சியைத் தூண்டியது. மூடியிருந்த ஆண்டின் சாறு அந்த அளவுக்குத் தூண்டவில்லை. துகளின் அளவோடு, அதிலுள்ள உலோகங்களும் கேடு செய்கின்றன என்பது இதனால் விளங்கியது.

டப்ளின்

ஆலையை மூடினால் தொழிலாளர் வீட்டில் உலை கொதிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அயர்லாந்தின் தலைநகர் விடை சொல்கிறது. 1980களில் டப்ளின் வீடுகளில் கணப்புக்கு நிலக்கரியே பெரிதும் எரிந்தது. 1990 செப்டம்பர் 1 முதல் புகை கக்கும் நிலக்கரியை விற்க அரசு தடை விதித்தது. மக்கள் குளிரில் வாடவில்லை. வேறு எரிபொருளுக்கு மாறினார்கள். காற்றில் கரும்புகையின் சராசரி அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மூச்சு நோய் மரணங்களும் குறைந்தன. இதய நோய் மரணங்களிலும் தென்பட்ட சரிவு நாடெங்கும் நிகழ்ந்துவந்த மாற்றத்தின் பகுதியே என்று பின்னாய்வு காட்டியது. மூச்சு நோய் மரணங்களின் குறைவோ மறு ஆய்விலும் நிலைத்து நின்றது.

நம் கடமை

இந்த இரண்டு ஊர்களும் சொல்வது ஒன்றே: பலன் காண ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை. புகை நின்ற குளிர்காலத்திலேயே குழந்தைகளின் மூச்சு எளிதாகிறது.

நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இந்தியாவின் தரநிலை 40. இந்த எண்ணைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆலைகளையும் அனல்மின் நிலையங்களையும் மூடச் சொல்லவில்லை. அவற்றின் புகைபோக்கிகளில் துகள் பிடிக்கும் கருவிகள் இரவும் பகலும் இயங்க வேண்டும் என்கிறேன். விறகடுப்பு எரியும் வீட்டுக்கு எரிவாயு இணைப்பு தந்தால் மட்டும் போதாது. அடுத்த சிலிண்டரை வாங்கும் வசதியும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரின் காற்று அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் மூச்சுத் திணறலோடு சேரும் குழந்தைகளின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடுங்கள். போப் செய்ததும் அதுதான். கணக்கு கையில் இருந்தால், எந்த அலுவலகத்திலும் தலைநிமிர்ந்து கேள்வி கேட்கலாம்.