20:42-க்கு ஆபீசில் யார் இருந்தார்கள்?

இந்த வாரம் ஆவடியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வியையே எடுத்துக்கறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனி. பேர் வேண்டாம். மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர், பில்லிங், ஸ்டாக் எல்லாம் அதில்தான். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் சர்வர் தானாக ரீபூட் ஆகியிருக்கிறது. டேட்டாபேஸில் ஒரு டேபிள் கெட்டுப்போய், மதியம் வரை டிஸ்பாட்ச் நின்றுவிட்டது.

முதலாளி சர்வரோட மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்திருக்கிறார். பவர் போனதாக ஒரு பதிவு, நேரம் 20:42. அதாவது முந்தின நாள் ராத்திரி எட்டே முக்கால். அந்த நேரத்தில் ஆபீசில் இருந்தது பேக்கப் எடுக்கிற கான்ட்ராக்ட் பையன் மட்டும்தான். 'ஸ்விட்சைத் தட்டினது நீதானே?' என்று ஆரம்பித்து, நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிற வரைக்கும் பேச்சு போய்விட்டது. கேள்வி அனுப்பியவர் அந்தப் பையனோட அண்ணன்.

நம்ம பக்கம் எந்த மெஷின் நின்றாலும் முதல் சந்தேகம் கரண்ட் மேல், அடுத்தது கடைசியாகத் தொட்டவன் மேல். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேற: சர்வர் முறையாக மூடிக்கொண்டதா, பாதியில் அறுந்ததா?

லினக்ஸில் 'லாஸ்ட் மைனஸ் எக்ஸ்' கமாண்ட் போட்டால் ரீபூட் வரிகளுக்கு நடுவில் ஷட்டவுன் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தெரியும். யாராவது கமாண்ட் கொடுத்தோ, அப்டேட் முடிந்தோ ரீபூட் ஆகியிருந்தால் அந்த வரி இருக்கும்; லாகின் கடைசியில் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நின்றதும் பதிவாகியிருக்கும். விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவரில் 1074 வந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் சொல்லி நடந்தது. 41, 6008 வந்தால் சொல்லாமல் விழுந்தது.

இவங்க அனுப்பிய லாகில் ஷட்டவுன் வரி இல்லை. ராத்திரி 2:10-க்கு வழக்கமான கிரான் வேலை ஒன்று. அதுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. அடுத்த வரி 2:15-க்கு, கெர்னல் புதிதாக எழுந்திருக்கிறது. கெர்னல் பேனிக் ஆனாலும் பல சமயம் இப்படித்தான் மௌனமாக இருக்கும், கடைசிச் செய்தி டிஸ்க்குக்குப் போகவே போகாது. அதனால் லாகை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 2011 வாக்கில் லினக்ஸில் ஒரு பிழை பேசப்பட்டது. சுமார் 208 நாள் விடாமல் ஓடிய சில சர்வர்கள், கடிகாரக் கணக்கு நிரம்பி வழிந்து விழுந்தன. அதனால் அப்டைமையும் கேட்டேன். 61 நாள்தான். அது இல்லை.

சரி, 2:10-க்கு உயிரோடு இருந்த சர்வர் 20:42-க்கு எப்படி விழும்? மதர்போர்டில் இருக்கிற அந்த மேனேஜ்மென்ட் சிப், பிஎம்சி என்பார்கள், அதுக்குத் தனிக் கடிகாரம். பல இடங்களில் அது யுடிசி நேரத்திலேயே ஓடும். நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டணும். 20:42 கூட்டல் 5:30, விடிகாலை 2:12. கேட் ரிஜிஸ்டர்படி அந்தப் பையன் 9 மணிக்கே கிளம்பிவிட்டான்.

பையன் இல்லை என்றால் யார்? அதே ரேக்கில் யுபிஎஸ்ஸில் இருந்த ரவுட்டர் மாதக்கணக்கில் விழாமல் ஓடுகிறது. ஆனால் சுவர் பிளக்கில் இருந்த சிசிடிவி ரெக்கார்டர் 2:12-க்கு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அப்போ யுபிஎஸ் சரியாக இருந்திருக்கிறது, இபி லைன்தான் ஒரு நொடி தடுமாறியிருக்கிறது. சர்வர் யுபிஎஸ்ஸில்தானே இருக்கு என்று கேட்டால், பாதிதான். அதில் இரண்டு பவர் சப்ளை. ஒன்று யுபிஎஸ்ஸில், இன்னொன்று நேராகச் சுவரில். யுபிஎஸ்ஸில் இருந்தது மூன்று மாதத்துக்கு முன்பே செத்துப்போய், அதே பிஎம்சி லாகில் எழுதியே இருக்கிறது. பின்பக்கம் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கு, யாரும் எட்டிப் பார்க்கலை.

கரண்ட் போய்விட்டால் பவர் சப்ளைக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் தாங்குவது 10, 20 மில்லி செகண்ட்தான். நம்ம 50 ஹெர்ட்ஸ் லைனில் ஒரு சைக்கிளே 20 மில்லி செகண்ட். பக்கத்து ஷெட்டில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனால் டியூப்லைட் கண் சிமிட்டும் பாருங்க, அந்த மாதிரி ஒரு சிமிட்டல் கொஞ்சம் ஆழமாக விழுந்தாலே போதும். இதே அம்பத்தூரில் என்டிடி மாதிரி பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கு. அங்கே ஒரு ரேக்குக்கு இரண்டு தனித்தனிப் பாதையில் கரண்ட் கொடுப்பது இதுக்காகத்தான். ஆனால் ஒரு பாதை செத்ததைக் கவனிக்க ஆள் இல்லை என்றால் இரண்டு இருந்தும் ஒன்றுதான்.

இருக்கிற பிளக்கை உடனே யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், பிஎம்சி நேரத்தைச் சரி செய்து அலர்ட் மெயிலைப் போட்டுவிடுங்கள் என்று எழுதினேன். கூடவே, 20:42-க்குப் பக்கத்தில் 2:12 என்று பேனாவால் எழுதி, சிசிடிவி பதிவோடு சேர்த்து முதலாளி மேசையில் வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அண்ணன்காரர் பதில் போட்டிருந்தார்: சம்பளத்தில் பிடிக்கவில்லை, புது பவர் சப்ளைக்கு ஆர்டர் போட்டாச்சு.