இடம் மாறும் மென்பொருள், இடம் மாறா உரிமம்



மொழிக்கென அமைந்த இம்மேடையில் மென்பொருள் உரிமத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள சிக்கல் கணினி அறையில் மட்டும் பிறப்பதன்று; ஓர் ஒப்பந்தத்தை யார், எவ்வளவு கருத்துடன் வாசித்தனர் என்பதிலும் பிறக்கிறது. ஆகவே இது மொழி கற்பிப்போரும் கற்போரும் அறிய வேண்டிய செய்தி.

நம் ஜொகூர் மாநிலத்தின் தோற்றம் சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. கூலாய், செடேனாக், இஸ்கந்தார் புத்ரி ஆகிய இடங்களில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. செம்பனை நின்ற கூலாய் யங் தோட்டத்து நிலத்தில் இன்று வழங்கிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அண்டை நாடான சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்தி வைத்திருந்தது. அக்காலத்தில் முதலீட்டாளர் பலரின் பார்வை நம் பக்கம் திரும்பியது. அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டிலும், மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவில் தத்தம் மேகக் கணிமை வட்டாரங்களைத் திறந்தன.

பொது மேகக் கணிமை என்பது, சொந்த வழங்கிகளை வாங்கி வைக்காமல், பிறருடைய பெரிய மையத்திலுள்ள கணினித் திறனை வேண்டிய அளவுக்கு வாடகைக்குப் பெறுவதாகும். மையங்கள் அருகில் வந்ததும், தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் தம் மென்பொருள்களை அங்கு மாற்ற எண்ணுகின்றன. தரவுகளை மாற்றுவது எப்படி என்று பலரும் கேட்கின்றனர். ஏற்கெனவே விலை கொடுத்துப் பெற்ற உரிமமும் உடன் வருமா என்று கேட்போர் சிலரே. கேட்காதவர்க்கு விடை பெரும்பாலும் தணிக்கைக் கடிதமாக வருகிறது.

உரிமம் என்றால் என்ன? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைக்கிறது. கதையும் கட்டுரையும் பெறும் பாதுகாப்பை நிரலும் பெறுகிறது. எனினும் இரண்டுக்கும் நடைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. கடையில் வாங்கிய நூலை ஜொகூர் பாருவிலிருந்து சிகாமட்டுக்கு எடுத்துச் செல்ல எவரையும் கேட்க வேண்டியதில்லை. பெருநிறுவன மென்பொருளையோ நாம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட வகையில் பயன்படுத்த இசைவு பெறுகிறோம். அவ்விசைவே உரிமம். உரிமை என்னும் சொல்லோடு ஒலியால் நெருங்கியிருப்பதால், உரிமம் பெற்றவர் உடைமையாளர் ஆகிவிட்டார் என்று மயங்கக் கூடாது.

நம் முன்னோர் வாழ்ந்த லயத்து வீட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தலைமுறை தலைமுறையாக அவ்வீட்டில் குடியிருந்தனர். வாசலில் முருங்கையும் வாழையும் வைத்தனர். ஆயினும் தோட்டம் கைமாறியபோது, வீடு தமதன்று என்பதை உணர்ந்தனர். இருத்தல் வேறு, உடைமை வேறு என்னும் அப்பாடம் மென்பொருளுக்கும் பொருந்தும்.

இடமாற்றத்தின்போது எழும் முதல் சிக்கல் எண்ணும் முறை. ஒரு செயலிக்குள் கணக்கிடும் அலகுகள் பல உள்ளன. அவற்றைக் கோர் என்பர். ஆரக்கிள் தரவுத்தளத்தைச் செயலிக் கணக்கில் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றைக் கொள்வோம். அதன் சொந்த வழங்கியில் 8 கோர்கள் உள்ளன. பொதுவான இன்டெல் செயலிகளுக்கு ஆரக்கிள் 0.5 என்னும் காரணியால் பெருக்குகிறது. எனவே 4 உரிமங்கள் போதும். அதே வலிமையுள்ள மெய்நிகர் கணினியை அமேசானிலோ மைக்ரோசாஃப்டின் அசூரிலோ பெற்றால், ஒரு கோருக்கு இரண்டு இழைகள் என்னும் கணக்கில் அது 16 மெய்நிகர் செயலிகளாகக் காட்டப்படும். ஆரக்கிளின் மேகக் கணிமைக் கொள்கை, அவ்வகையில் இரண்டு மெய்நிகர் செயலிகளுக்கு ஓர் உரிமம் என்கிறது, 0.5 என்னும் காரணி அங்குப் பயன்படாது. ஆகவே 8 உரிமங்கள் தேவை. வேலை கூடவில்லை, உரிமத் தேவை இரட்டித்துவிட்டது.

இங்கே வாசிப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அக்கொள்கை ஏடு, தான் எந்த ஒப்பந்தத்திலும் சேர்க்கப்படுவதற்கு உரியதன்று என்று கூறிக்கொள்கிறது. எனவே ஒரு நிறுவனம் கொள்கை ஏட்டை மட்டும் படித்து அமைதி கொள்ளலாகாது. தான் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் என்ன உள்ளது என்பதையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் சிக்கல், எங்கே பயன்படுத்தலாம் என்பது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபர் 1 முதல் தன் விதிகளை மாற்றியது. அந்நாளுக்குப் பின், இடமாற்ற உரிமை இல்லாமல் பெற்ற உரிமங்களை, அமேசான், கூகுள், அலிபாபா, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் மேகங்களில் ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட வழங்கிகளிலும் பயன்படுத்த இயலாது. எஸ்.கியூ.எல். சர்வருக்குச் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்னும் தொடர் ஒப்பந்தம் இருந்தால் இடமாற்ற உரிமை கிடைக்கும். விண்டோஸ் சர்வருக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. ஒரே நிறுவனத்தின் இரு பொருள்கள், ஒரே நாளில் வாங்கியவை, இருவேறு விதிகளுக்கு உட்படுகின்றன. மேலும் எஸ்.கியூ.எல். சர்வரை மெய்நிகர் கணினிக் கணக்கில் உரிமம் பெறுவோர், கணினி ஒன்றுக்குக் குறைந்தது 4 கோர்களுக்கு உரிமம் வைத்திருக்க வேண்டும். 2 கோர் அளவே உள்ள சிறு கணினிகளைப் பலவாகப் பிரித்து வைப்போர் இதனால் இழப்படைவர்.

மூன்றாம் சிக்கல் காலம். புதிய வீட்டில் பால் காய்ச்சிய பின்னும் பழைய வீட்டைச் சில நாள் காலி செய்யாமல் வைத்திருப்பதுபோல, இடமாற்றத்தின்போது பழைய வழங்கியும் புதியதும் சேர்ந்தே ஓடும். அசூருக்கு மாற்றுவோர் விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு பதிப்பின் தகுதியுள்ள உரிமத்தை இரண்டிடத்திலும் 180 நாள்வரை பயன்படுத்தலாம். 181ஆம் நாள் பழைய வழங்கி ஓடிக்கொண்டிருந்தால் அது விதிமீறல். பெரும்பாலும் தீய எண்ணத்தால் இது நேர்வதில்லை. நாட்குறிப்பில் எழுதி வைக்காததால் நேர்கிறது.

விற்பவர் மாறினாலும் விதி மாறும். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரைக் கையகப்படுத்தி, அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. முன்பே பெற்ற உரிமம் செல்லும். ஆனால் அதற்கான ஆதரவை முன்போல் புதுப்பிக்க இயலாமற்போனது. இனி நிரந்தரம் என்னும் சொல்லைக் காணும்போது, எது நிரந்தரம் என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு நாம் கூறும் வழி எளியது. நகர்த்துவதற்கு முன், உரிமங்களுக்கு ஒரு பேரேடு எழுதுக. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்நாளில் பெற்றது, எதை எண்ணிப் பெற்றது, எங்கே பயன்படுத்தலாம், தொடர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பவை அதில் இருக்கட்டும். பிறகு உண்மையான பயன்பாட்டை அளக்க. உறங்கிக் கிடக்கும் வழங்கிகளை மேகத்திற்குச் சுமந்து செல்லாதிருக்க. சொந்த உரிமத்தைக் கொண்டுசெல்வது மலிவா, மேக வாடகையோடு சேர்த்துப் பெறுவது மலிவா என்று கணக்கிடுக. போஸ்ட்கிரெஸ், லினக்ஸ் முதலிய திறமூல மென்பொருள்கள் போதுமான இடங்களில் அவற்றை எண்ணிப் பார்க்க. அவற்றுக்கும் உரிம விதிகள் உண்டு, ஆனால் கோர்களை எண்ணிக் கட்டணம் கேட்பதில்லை. இறுதியாக, வெளியேறும் வழியை நுழையும் முன்பே எழுதி வைக்க.

இது பெருநிறுவனங்களின் கவலை மட்டும் என்று எண்ண வேண்டா. நம் பள்ளிகளில் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்வழி ஃபுரோக் வி.எல்.இ. தளம் புழங்கியது. அத்திட்டம் 2019 ஜூன் இறுதியில் முடிவுற்றது. கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. 2020 ஜூனில் டெலிமா தளம் தொடங்கப்பெற்றது. ஆசிரியர் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுதான்: நாம் உழைத்து ஆக்கிய பாடங்களின் படி நம் கையில் இருக்கிறதா? தளத்தின் உரிமம் பிறருடையது. பாடம் எழுதிய உழைப்பு நம்முடையது. தமிழ்ப் பாடங்களை எளிதில் திறக்கத்தக்க வடிவத்தில், ஒருங்குறி எழுத்துருவில், தளத்திற்கு வெளியேயும் சேமித்து வைப்பது ஆசிரியரின் கடமை.

தனித்தனியே நின்றால் விலையும் விதியும் பேசும் வலிமை நமக்குக் குறைவு. லயத்து வீட்டையும் தோட்டத்தையும் இழந்துகொண்டிருந்த மக்களிடம் சிறுகச் சிறுகப் பங்குத் தொகை திரட்டி, தோட்டங்களையே வாங்குவதற்காகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நம் பள்ளிகளும் சங்கங்களும் மென்பொருள் பெறும்போது கூடிப் பேசலாம் என்பதற்கு வேறு முன்மாதிரி தேடவேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை இத்தரவு மையங்களில் பணியாற்றுவீர்கள். நிரல் எழுதக் கற்பதோடு ஒப்பந்தம் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 'உம்' என்னும் இடைச்சொல் வந்தால் பொருள் எவ்வாறு விரியும், 'மட்டும்' என்னும் சொல் வந்தால் எவ்வாறு குறுகும் என்று இலக்கண வகுப்பில் பயில்கிறீர்கள். உரிமத்தை வாசிப்பவர்க்கும் அப்பயிற்சியே வேண்டும். சொல்லைக் கடந்து விரைந்தவர் பொருளை இழப்பர். ஈண்டுப் பொருள் என்பது பணத்தையும் குறிக்கும்.